கட்டி இருக்கிறது, ஏன் எடுக்கவில்லை? பினியல் பகுதிக் கட்டிகளுக்குச் சிகிச்சை முடிவாகும் விதம்

அவனுக்கு வயது 14. இரண்டு மாதமாகக் காலையில் எழுந்ததும் தலைவலி. வாந்தி எடுத்தால் கொஞ்சம் தணியும், பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிவிடுவான். பிறகு எழுத்துகள் இரண்டிரண்டாகத் தெரிகின்றன என்றான். கண்ணாடி வாங்கிக் கொடுத்தார்கள். கண்ணாடி போட்ட பிறகும் உயரப் போகும் கிரிக்கெட் பந்தை அவனால் பிடிக்க முடியவில்லை. கடைசியில் ஒரு நரம்பியல் மருத்துவர் அவனைக் கட்டிலில் உட்காரவைத்து, தலையை அசைக்காமல் மேலே சுழலும் மின்விசிறியைப் பார்க்கச் சொன்னார். கண்கள் பாதி வழி போயின, அதற்கு மேல் ஏறவில்லை. ஏற முயன்றபோது இரண்டு விழிகளும் உள்பக்கமாக இழுபட்டுத் துடித்தன. அன்று மாலையே எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். மூளையின் நட்டநடுவில், பினியல் பகுதியில், 2.6 செ.மீ. அளவில் ஒரு கட்டி. மூளை அறைகள் நீர் கோத்து விரிந்திருந்தன.

அவன் என் சித்தியின் பேரன். மறுநாள் இரவு சித்தி தொலைபேசியில் அழைத்தார். "கட்டி இருக்கிறது என்று அவர்களே சொல்கிறார்கள். பிறகு ஏன் எடுக்க மாட்டேன் என்கிறார்கள் தம்பி? தண்ணீரை மட்டும் திருப்பிவிட்டு, ரத்தம் எடுத்து அனுப்பியிருக்கிறார்களாம். இதென்ன வைத்தியம்?"

அந்தக் கேள்வியில் கோபம் இருந்தது, பயமும் இருந்தது. நியாயமான கேள்விதான். உடம்பில் கட்டி என்றால் அறுத்து எடுப்பதுதான் வைத்தியம் என்று நாம் எல்லோரும் நினைத்துப் பழகிவிட்டோம். பினியல் பகுதியில் அந்த நினைப்பு பொருந்துவதில்லை. இங்கே கட்டி எவ்வளவு பெரியது என்பதைவிட, அது என்ன இனம் என்பதுதான் சிகிச்சையைத் தீர்மானிக்கிறது. சில இனங்களை ஒரு துளிகூட மிச்சமில்லாமல் எடுக்க வேண்டும். சில இனங்களில் எடுக்க முயல்வதே வீண் ஆபத்து. இரண்டும் எம்.ஆர்.ஐ. படத்தில் ஒன்றுபோலவே தெரியக்கூடும்.

பினியல் சுரப்பி பட்டாணியைவிடச் சிறியது, எடை கிராமில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. பைன் மரக் காயின் வடிவத்தில் இருப்பதால் அந்தப் பெயர். இருட்டியதும் மெலடோனின் சுரந்து, இரவு வந்துவிட்டது என்று உடம்புக்குச் சொல்வது அதன் வேலை. தத்துவஞானி டெக்கார்ட் இதை ஆன்மாவின் இருப்பிடம் என்று கருதினார். மூளையில் பெரும்பாலான உறுப்புகள் இடமும் வலமுமாக இரட்டையாக இருக்க, இது மட்டும் ஒற்றையாக நடுவில் இருந்தது அவரை ஈர்த்தது. அறுவை மருத்துவர்களுக்குத் தலைவலி தருவதும் அந்த நடுத்தன்மைதான். நெற்றியிலிருந்து வந்தாலும், பிடரியிலிருந்து வந்தாலும், உச்சியிலிருந்து இறங்கினாலும் தூரம் ஏறக்குறைய ஒன்றே. எந்த வழியிலும் முக்கியமான ஏதோ ஒன்றைத் தாண்டித்தான் போக வேண்டும்.

சுரப்பிக்கு மேலே மூளையின் ஆழத்திலுள்ள பெரிய சிரைகள் வந்து கூடுகின்றன. கேலன் சிரை என்று பெயர் பெற்ற சிரையும் அங்கேதான் இருக்கிறது. அவற்றில் காயம் பட்டால் மூளையின் உட்பகுதியே பாதிக்கப்படலாம். கீழே, நடுமூளையின் முதுகில், கண் அசைவை ஆளும் நரம்பு மையங்கள். கண்ணை மேலே உயர்த்தும் இணைப்புகள் அங்கேதான் ஓடுகின்றன. கட்டி அழுத்தினால் முதலில் போவது மேல்பார்வை. பாரிஸில் பணிபுரிந்த கண் மருத்துவர் ஆன்ரி பாரினோ 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இதை விவரித்தார், இன்றும் பாரினோ குறி என்றே சொல்கிறார்கள். மின்விசிறியைப் பார்க்கச் சொன்ன அந்த மருத்துவர் தேடியது இதைத்தான். அவர் செய்த சோதனைக்கு ஒரு கருவியும் தேவைப்படவில்லை. காலைத் தலைவலியும் வாந்தியும் உள்ள பிள்ளையிடம் யார் வேண்டுமானாலும் செய்து பார்க்கலாம்.

நடுமூளைக்குள் ஒரு சிறு வாய்க்கால் உண்டு. ஒரு மில்லிமீட்டரோ இரண்டோதான் அகலம். மூளையும் தண்டுவடமும் மிதக்கும் திரவம் நாளொன்றுக்குச் சுமார் அரை லிட்டர் சுரக்கிறது. அதில் பெரும்பகுதி இந்த வாய்க்கால் வழியாகத்தான் கீழே இறங்க வேண்டும். பினியல் பகுதியில் எது வளர்ந்தாலும், அது நல்ல கட்டியோ கெட்ட கட்டியோ, முதலில் நசுங்குவது இந்த வாய்க்கால். மதகு அடைத்த ஏரிபோல் மேலே உள்ள அறைகளில் நீர் ஏறுகிறது. தலைவலியும் வாந்தியும் நினைவு மங்குவதும் பெரும்பாலும் கட்டியால் வருபவை அல்ல, தேங்கிய நீரால் வருபவை. ஆளைச் சில மணி நேரத்தில் கொல்லக்கூடியதும் அந்த நீர்தான்.

எனவே முதல் வேலை நீரை வெளியேற்றுவது. சித்தி "தண்ணீரை மட்டும் திருப்பிவிட்டார்கள்" என்றாரே, அந்த "மட்டும்" என்ற சொல்லில்தான் அன்று அவன் உயிர் இருந்தது.

இதற்குப் பல ஆண்டுகளாக இருந்த வழி ஷன்ட் குழாய். மூளை அறையிலிருந்து தோலுக்கடியில் ஒரு மெல்லிய குழாயை ஓட்டி, வயிற்றறைக்குள் நீரை வடியவிடுவது. அது இன்றும் பயனில் உள்ளது. ஆனால் குழாய் அடைத்துக்கொள்ளும், கிருமி தொற்றும், வளரும் பிள்ளைக்கு மாற்ற வேண்டியிருக்கும். அரிதாக, கட்டியின் செல்கள் அந்தக் குழாய் வழியே வயிற்றுக்குப் பரவியதும் உண்டு. ஆகவே இப்போது வாய்ப்புள்ள இடங்களில் எண்டோஸ்கோப் (கேமரா பொருத்திய மெல்லிய குழாய்க் கருவி) முறையையே முதலில் நாடுகிறார்கள். முன்மண்டையில் ஒரு சிறு துளை போட்டு, பென்சில் தடிமனுள்ள எண்டோஸ்கோப்பை நீர் நிறைந்த அறைக்குள் இறக்குகிறார்கள். மன்றோ துளை என்ற வாசலைக் கடந்தால் மூன்றாவது அறை. அதன் தரை நீரின் அழுத்தத்தால் மெலிந்து, அரிசிக் கஞ்சியின் மேல் படியும் ஏடுபோல் ஒளி ஊடுருவும் நிலையில் இருக்கும். அதற்குக் கீழே பேசிலார் தமனி துடிப்பது திரையில் தெரியும். அந்தத் தமனிக்கு முன்னால், ஏட்டில் ஒரு துளையிட்டு, சின்ன பலூனால் அதை விரிக்கிறார்கள். அடைத்த மதகைச் சுற்றி நீருக்கு ஒரு புது வழி கிடைக்கிறது. உடம்புக்குள் குழாய் எதுவும் மிஞ்சுவதில்லை.

அதே அமர்வில் இரண்டு காரியங்கள் கூடுதலாக நடக்கின்றன. மூளை நீரில் சில மில்லிலிட்டர் சோதனைக்கு எடுக்கப்படுகிறது. எண்டோஸ்கோப்பைப் பின்பக்கம் திருப்பினால் கட்டியின் முகம் தெரியும், அதிலிருந்து துணுக்கும் எடுக்கலாம். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. தரையில் துளையிடச் செல்லும் கோணமும், பின்னால் இருக்கும் கட்டியை எட்டும் கோணமும் வேறுவேறு. ஒரே துளையிலிருந்து வளையாத எண்டோஸ்கோப்பால் இரண்டையும் செய்ய முயன்றால் வழியிலுள்ள ஃபார்னிக்ஸ் என்ற நினைவாற்றல் இழை இழுபடும். அதனால் சிலர் மண்டையில் இரண்டு துளைகள் போடுவார்கள், சிலர் வளையும் எண்டோஸ்கோப்பைப் பயன்படுத்துவார்கள்.

நீர் வழி திறந்து தலைக்குள் அழுத்தம் இறங்கும்வரை முதுகில் ஊசி போட்டு நீர் எடுக்கக் கூடாது. மேலே அழுத்தம் இருக்கும்போது கீழே நீரை உறிஞ்சினால் மூளை கீழ்நோக்கி இறங்கி உயிருக்கே உலையாகும். உறவினர்கள் "ஏன் இன்னும் முதுகு நீர் சோதனை செய்யவில்லை" என்று அவசரப்படுத்துவதைப் பார்த்திருக்கிறேன். அந்தத் தாமதத்துக்குக் காரணம் இருக்கிறது.

இனி, கட்டி எந்த இனம் என்ற கேள்வி. பினியல் பகுதியில் வளரும் கட்டிகளின் பட்டியல் மிக நீளமானது. பெரியவர்களின் மூளைக் கட்டிகளில் இப்பகுதிக்குரியவை நூற்றுக்கு ஒன்று அளவில்தான், பிள்ளைகளிடம் சற்று அதிகம். இவ்வளவு அரிதான இடத்தில் இத்தனை இனங்கள் என்பதுதான் இதன் சிக்கல். சுரப்பியின் சொந்தச் செல்களிலிருந்து எழுபவை உண்டு: மெதுவாக வளரும் பினியோசைட்டோமா, ஆவேசமாகப் பரவும் பினியோபிளாஸ்டோமா, இரண்டுக்கும் நடுவே ஒரு வகை. அக்கம்பக்கத்திலிருந்து, நரம்புகளைத் தாங்கும் செல்களில் எழும் க்ளியோமா, மூளை உறையில் எழும் மெனிஞ்சியோமா வரலாம். வேறு உறுப்பின் புற்று இங்கே வந்து தங்கலாம். ஆனால் பதின்ம வயதுப் பையன்களிடம் முதலில் சந்தேகிக்க வேண்டியது கருச்செல் கட்டிகளை. பின்னாளில் விந்தாகவோ முட்டையாகவோ ஆக வேண்டிய செல்கள் கரு வளரும்போது உடம்பின் நடுக்கோட்டில் இடம்பெயர்கின்றன. அவற்றில் சில வழிதவறித் தங்கி, பின்னர் கட்டியாகின்றன என்பதே பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம். பினியல் பகுதியில் இவை பெண்களைவிட ஆண்களிடம் பலமடங்கு அதிகம். ஜப்பானிலும் கொரியாவிலும் மேலை நாடுகளைவிட மிகுதி.

கருச்செல் கட்டிகள் தங்கள் அடையாளத்தைத் தாங்களே வெளியே விடுகின்றன. கருவிலுள்ள மஞ்சட்கருப் பை சுரக்கும் புரதம் ஏஎஃப்பி. நஞ்சுக்கொடித் திசு சுரக்கும் ஹார்மோன் எச்சிஜி, கர்ப்பம் உறுதியா என்று பார்க்கும் சோதனையில் தேடுவதும் இதையே. மூளைக்குள் இருக்கும் கட்டி இவற்றைச் சுரந்தால் ரத்தத்திலும் மூளை நீரிலும் கண்டுபிடிக்கலாம். 14 வயதுப் பையனின் ரத்தத்தில் கர்ப்ப ஹார்மோனைச் சோதிக்க எழுதியிருக்கிறார்கள் என்று சித்தி பதறிப்போனார். பதற வேண்டாம், அந்தச் சீட்டுதான் இந்த நோயில் எழுதப்படும் மிக முக்கியமான சீட்டு என்று சொன்னேன்.

கருச்செல் கட்டிகளில் கதிர்வீச்சுக்கு எளிதில் கரையும் இனம் ஜெர்மினோமா. ஏஎஃப்பி தெளிவாக உயர்ந்திருந்தால் அது வெறும் ஜெர்மினோமா அல்ல, மஞ்சட்கருப் பைக் கட்டியோ அது கலந்த கட்டியோ. எச்சிஜி மிகப் பெரிய அளவில் இருந்தால் கோரியோகார்சினோமாவைச் சந்தேகிக்க வேண்டும். அது ரத்தம் கசியும் சுபாவம் கொண்டது, கத்தி பட்டால் பெருக்கெடுக்கும். எச்சிஜி கொஞ்சம் மட்டும் கூடியிருந்தால் அது ஜெர்மினோமாவாகவும் இருக்கலாம். எந்த எண்ணுக்கு மேல் "உயர்வு" என்பதில் கண்டங்களுக்கிடையே வேறுபாடு உண்டு. ஐரோப்பிய ஆய்வுக் குழு ஏஎஃப்பிக்கு 25, எச்சிஜிக்கு 50 என்று கோடு போட்டது. அமெரிக்கக் குழந்தைப் புற்றுநோய்க் குழு தன் பிந்தைய ஆய்வில் 10, 100 என்று வைத்தது. ரத்தத்தையும் மூளை நீரையும், இரண்டையும் பார்க்க வேண்டும். ஒன்றில் சாதாரணமாக இருப்பது மற்றதில் உயர்ந்திருக்கலாம். கைக்குழந்தைகளுக்கு ஏஎஃப்பி இயல்பிலேயே அதிகம் என்பதையும் மறக்கக் கூடாது.

எண்கள் கோட்டைத் தாண்டிவிட்டால், படமும் ஒத்துப்போனால், திசு எடுக்க வேண்டிய அவசியமே இல்லை. நேராகக் கீமோதெரபி தொடங்கலாம். ஒரு குழாய் ரத்தமும் ஒரு குழாய் நீரும் ஓர் அறுவை சிகிச்சையைத் தவிர்த்துவிடும். அதனால்தான் இந்தச் சோதனைக்கு முன் கட்டியை அறுக்கத் துணிவதை நான் ஏற்கவில்லை. உயிர் போகும் அவசரம் என்றால் நீரை வடிக்கலாம், கட்டி சில நாள் காத்திருக்கும்.

எண்கள் கோட்டைத் தாண்டாவிட்டால் திசு வேண்டும். எங்கள் பையனுக்கு எச்சிஜி லேசாக மட்டும் கூடியிருந்தது, ஏஎஃப்பி இயல்பு. எண்டோஸ்கோப் வழியே எடுத்த கடுகளவுத் துணுக்குகளைப் பார்த்து நோய்க்குறியியல் துறை சொன்னது: ஜெர்மினோமா. இப்படிச் சின்னத் துணுக்கில் ஒரு குறை உண்டு. கட்டி பல இனங்களின் கலவையாக இருந்து, துணுக்கு ஜெர்மினோமா இருக்கும் மூலையிலிருந்து மட்டும் வந்திருக்கலாம். அதனால்தான் திசு அறிக்கையையும் ரத்த எண்களையும் எம்.ஆர்.ஐ.யையும் ஒன்றாக மேசையில் வைத்துத்தான் முடிவெடுக்கிறார்கள். மூன்றில் ஒன்று மற்ற இரண்டோடு முரண்பட்டால், முரண்படுவதைத்தான் நம்பி மறுபடி ஆராய வேண்டும்.

இன்னொரு விதத்திலும் ஜெர்மினோமா தன்னைக் காட்டிக்கொள்ளும். பினியல் பகுதியிலும், மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பிக்கு மேலேயும் ஒரே சமயத்தில் இரண்டு கட்டிகள். அத்தகைய பிள்ளைகள் தலைவலிக்கு மாதக்கணக்கில் முன்பே சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடிப்பார்கள், இரவில் நாலைந்து முறை சிறுநீர் கழிக்க எழுவார்கள். வீட்டில் சர்க்கரை நோயோ என்று சோதிப்பார்கள், சர்க்கரை சரியாக இருக்கும். சிறுநீரைக் கட்டுப்படுத்தும் ஹார்மோன் குறைந்திருப்பதுதான் காரணம். சர்க்கரை இல்லை என்ற நிம்மதியில் அங்கேயே நின்றுவிடுவது பெரிய தவறு.

ஜெர்மினோமா என்ற பெயரைக் கேட்டதும் புற்றுநோய் மருத்துவரின் முகம் சற்று மலரும். கதிர்வீச்சுக்கு இவ்வளவு பணிந்துபோகும் மூளைக் கட்டி வேறு கிடையாது. முறையான சிகிச்சையில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேற்பட்டோர் நீண்ட காலம் வாழ்கிறார்கள். இந்தக் குணத்தை மருத்துவ உலகம் கண்டுகொண்ட கதையையும் சொல்ல வேண்டும். 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பினியல் கட்டியைத் தொட்டவர்களில் பெரும்பாலோர் நோயாளியை இழந்தார்கள். நவீன மூளை அறுவையின் தந்தை எனப்படும் ஹார்வி குஷிங்கே, எடுக்கத் துணியும் அளவுக்கு ஒரு பினியல் கட்டியைத் தன்னால் வெளிக்கொணர முடிந்ததில்லை என்று எழுதினார். ஆகவே நீரைத் திருப்பிவிட்டு, கட்டி எதுவென்று தெரியாமலே கதிர்வீச்சு கொடுப்பது வழக்கமாயிற்று. ஜப்பானில் இதை ஒரு சோதனையாகவே ஆக்கினார்கள். சுமார் 20 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு) கொடுத்துப் பார்ப்பது, கட்டி சுருங்கினால் ஜெர்மினோமா என்று கொண்டு தொடர்வது, சுருங்காவிட்டால் அறுவை. கத்தி கொன்றுவிடும் காலத்தில் அது விவேகமான வழிதான். இன்று திசு எடுப்பது பாதுகாப்பாகிவிட்டது. கதிர்வீச்சே தேவைப்படாத பிள்ளையின் மூளைக்கு 20 கிரே கொடுத்துவிட்டு "இது டெரடோமாவாம்" (அறுத்தே எடுக்க வேண்டிய இன்னொரு கருச்செல் கட்டி) என்று தெரிந்துகொள்வதை இனி யாராலும் நியாயப்படுத்த முடியாது. அந்த முறை கைவிடப்பட்டது சரியே.

இப்போதைய விவாதம் வேறு. குணமாகும் என்பது தெரிந்துவிட்டது, எவ்வளவு குறைவான கதிர்வீச்சில் குணமாகும்? பழைய முறையில் மூளை முழுவதற்கும் தண்டுவடம் முழுவதற்கும் 24 கிரே, கட்டிக்கு மட்டும் மேலும் 16. பிள்ளை பிழைத்துவிடும். ஆனால் வளர்ச்சி ஹார்மோன் குறையலாம், முதுகெலும்பு வளராமல் உயரம் குன்றலாம், படிப்பில் வேகம் மங்கலாம், பல ஆண்டு கழித்து மூளை ரத்தக்குழாய் நோயோ இன்னொரு கட்டியோ வரலாம். 70 வயதுக்காரருக்கு இந்தக் கணக்குப் பெரிதல்ல. எட்டாம் வகுப்புப் பையனுக்கு வாழ்நாள் முழுவதும் கூடவே வரும் கணக்கு.

கதிர்வீச்சே வேண்டாம், கீமோ மட்டும் போதாதா என்று முயன்று பார்த்தார்கள். 1990களில் 71 பேரைக் கொண்ட பன்னாட்டு ஆய்வில் மருந்து மட்டும் கொடுக்கப்பட்டது. கட்டி பலருக்குக் கரைந்தது, பிறகு ஏறக்குறைய பாதிப் பேருக்குத் திரும்பி வந்தது. பெற்றோர் பலர் இன்றும் இதைக் கேட்கிறார்கள். கதிர்வீச்சு என்ற சொல்லே அவர்களை நடுங்கவைக்கிறது. மருந்து மட்டும் என்பது ஜெர்மினோமாவுக்குப் போதாது என்பதை அவர்களிடம் தயங்காமல் சொல்ல வேண்டும்.

ஐரோப்பாவில் 1996இல் தொடங்கிய ஆய்வு இன்னொரு பாதையைச் சோதித்தது. பரவாத ஜெர்மினோமா உள்ளவர்களில் 125 பேருக்கு முழு மூளை, தண்டுவடக் கதிர்வீச்சு. 65 பேருக்குக் கீமோ கொடுத்து, கட்டி இருந்த இடத்துக்கு மட்டும் 40 கிரே. உயிர் பிழைத்தவர்களின் விகிதம் இரண்டிலும் ஏறத்தாழ ஒன்றுதான். ஆனால் நோய் திரும்பாமல் ஐந்து ஆண்டு கடந்தவர்கள் முதல் குழுவில் 97 விழுக்காடு, இரண்டாம் குழுவில் 88. இரண்டாம் குழுவில் திரும்பிய நோய் எங்கே திரும்பியது என்று பார்த்தபோது விடை கிடைத்தது: பெரும்பாலும் கதிர்வீச்சு படாத மூளை அறைச் சுவர்களில். நீர் வழியே செல்கள் அறைகளில் விதைபோல் விழுந்திருந்தன. அப்படியென்றால் மூளை முழுவதும் வேண்டாம், கட்டி மட்டும் என்பதும் போதாது, மூளை அறைகள் அனைத்தையும் சேர்க்க வேண்டும். இன்றைய வழக்கம் இதிலிருந்து வந்தது. கீமோ சில சுற்றுகள், பிறகு அறைகளுக்குச் சுமார் 24 கிரே, எச்சம் இருந்தால் கட்டியிருந்த இடத்துக்குக் கூடுதல். அமெரிக்கக் குழு மருந்துக்கு நன்றாக வசப்பட்டவர்களுக்கு அறைகளுக்கு 18 கிரேயாகக் குறைத்துப் பார்த்திருக்கிறது. தண்டுவட எம்.ஆர்.ஐ.யிலோ நீரில் மிதக்கும் செல்களிலோ பரவல் தெரிந்தால் மட்டும் முழு மூளை, தண்டுவடம்.

ஆறு கிரே குறைந்தால் என்ன பெரிய வித்தியாசம் என்று தோன்றலாம். வளரும் மூளையில் ஒவ்வொரு கிரேயும் கணக்கு. இந்தத் துறையின் முப்பது ஆண்டு உழைப்பில் பெரும்பங்கு, ஏற்கெனவே பிழைத்துக்கொண்டிருந்த பிள்ளைகளை இன்னும் நன்றாக வாழவைப்பதற்கே செலவாகியிருக்கிறது.

புரோட்டான் கதிர்வீச்சு இங்கேதான் பேச்சில் வருகிறது. இலக்கில் போய் நின்றுவிடும் கற்றை என்பதால் அதற்கு அப்பாலுள்ள திசுக்குக் கதிர் குறைவு. தெற்காசியாவின் முதல் புரோட்டான் மையம் 2019இல் சென்னையில் திறக்கப்பட்டது. முழு தண்டுவடத்துக்குக் கதிர்வீச்சு தேவைப்படும் பிள்ளைக்கு இதன் பயன் தெளிவு. இதயத்துக்கும் குடலுக்கும் போகும் கதிர் வெகுவாகக் குறையும். அறைகளுக்கு மட்டும் என்றால் ஆதாயம் உண்டு, ஆனால் செலவு பல மடங்கு. நல்ல திட்டமிடலுடன் செய்யப்படும் சாதாரண எக்ஸ் கதிர் சிகிச்சையும் ஜெர்மினோமாவைக் குணப்படுத்துகிறது. நிலத்தை விற்றாவது புரோட்டான் கொடுத்தால்தான் பிள்ளை பிழைப்பான் என்று யாராவது சொன்னால் அது உண்மையல்ல.

ஜெர்மினோமா அல்லாத கருச்செல் கட்டிகளின் கதை கடினமானது. இவற்றுக்குக் கீமோ முதலில், பிறகு எச்சம் இருந்தால் அறுவை, பிறகு ஜெர்மினோமாவைவிட அதிக அளவு கதிர்வீச்சு, கட்டியிருந்த இடத்துக்கு 54 கிரே வரை. இந்த வரிசை ஒழுங்காக நடந்தால் முடிவுகள் நம்பிக்கை தருபவையே. அமெரிக்கக் குழுவின் ஓர் ஆய்வில் ஐந்தாண்டு கடந்து உயிரோடிருந்தவர்கள் 93 விழுக்காடு. ஏஎஃப்பி 1000ஐத் தாண்டியிருந்தவர்களுக்கும் எச்சம் எடுக்கப்படாமல் விடப்பட்டவர்களுக்கும் நிலைமை மோசம் என்று ஐரோப்பிய ஆய்வு காட்டியது.

இந்தக் கட்டிகளில் ஒரு விநோதம் நடக்கும். கீமோ தொடங்கியதும் ரத்த எண்கள் மளமளவென்று இறங்கும். வீட்டில் எல்லோரும் மூச்சு விடுவார்கள். அடுத்த எம்.ஆர்.ஐ.யில் கட்டி பெரிதாகியிருக்கும். மருந்து தோற்றுவிட்டதா? இல்லை. கலவையில் இருந்த கொடிய செல்கள் செத்துவிட்டன, மருந்துக்கு அசையாத டெரடோமாப் பகுதி மட்டும் வளர்கிறது. முடியும் தோலும் குருத்தெலும்பும் போன்ற முதிர்ந்த திசு அது. இப்போது தேவை மருந்தை மாற்றுவது அல்ல, அறுவை சிகிச்சை. ஒரே கட்டி முதலில் கத்தி வேண்டாம் என்றும், பிறகு கத்திதான் வேண்டும் என்றும் கேட்கிறது.

அப்படியானால் அறுவையின் இடம் எங்கே? டெரடோமா, பினியோசைட்டோமா, மெனிஞ்சியோமா, தோல்செல்கள் சேர்ந்த பையான எபிடெர்மாய்டு ஆகியவற்றில் முழுமையாக எடுப்பதே பெரும்பாலும் சிகிச்சை. 1913இல் ஜெர்மனியின் ஃபெடோர் கிராவுசே சிறுமூளைக்கு மேல், அதன் கூரைச் சவ்வுக்குக் கீழ் நுழைந்து ஒரு பினியல் கட்டியை வெற்றிகரமாக எடுத்தார். 1921இல் அமெரிக்காவின் வால்டர் டேண்டி மேலிருந்து இரு அரைக்கோளங்களுக்கு நடுவே இறங்கும் வழியை விவரித்தார். கிராவுசேயின் வழி பல பத்தாண்டுகள் தூங்கியது. 1971இல் பென்னட் ஸ்டெய்ன் அறுவை நுண்ணோக்கியோடு அதை மீட்டெடுத்தார். அதன் அழகு எளிமையானது. சிரைகள் கட்டிக்கு மேலே இருப்பதால் கீழிருந்து வந்தால் அவற்றைத் தாண்ட வேண்டியதில்லை. நோயாளியை உட்காரவைத்துச் செய்தால் சிறுமூளை தன் எடையாலேயே கீழே தொங்கி வழிவிடும். ஆனால் தலை இதயத்துக்கு மேலே இருப்பதால் திறந்த சிரை காற்றை உள்ளே உறிஞ்சலாம். மயக்க மருத்துவர் நெஞ்சில் டாப்ளர் கருவி வைத்து, அந்தக் காற்றுக் குமிழியின் ஓசைக்காக அறுவை முடியும்வரை காது கொடுத்திருப்பார். பின்மண்டை வழியே பக்கவாட்டில் வரும் இன்னொரு பாதையில் பார்வைப் புலத்தில் பாதி பாதிக்கப்படும் அபாயம் உண்டு. எந்த வழி என்பதைச் சிரைகளின் அமைப்பும் கட்டி சாய்ந்திருக்கும் திசையும் முடிவு செய்யும். அறுவை மருத்துவரின் பழக்கமும் சேர்ந்தே முடிவு செய்யும், அதில் தவறில்லை. இந்த அறுவையை ஆண்டுக்கு ஒருமுறை செய்பவரைவிட அடிக்கடி செய்பவரிடம் போவது நல்லது.

பினியோபிளாஸ்டோமாவைப் பற்றி இனிமையாகச் சொல்ல எதுவுமில்லை. சிறு பிள்ளைகளிடம் வருகிறது, நீர் வழியே வேகமாகப் பரவுகிறது. முடிந்த அளவு அறுவை, 36 கிரே முழு மூளை, தண்டுவடக் கதிர்வீச்சு, கட்டிக்கு 54 வரை, கடும் கீமோ என்று எல்லாமே வேண்டும். மூன்று வயதுக்குக் குறைந்த குழந்தைக்கு முழு மூளைக் கதிர்வீச்சைக் கொடுக்க யாரும் விரும்புவதில்லை. உயர் அளவு மருந்து கொடுத்துக் குழந்தையின் சொந்தக் குருத்தணுக்களைத் திருப்பிச் செலுத்தும் வழியை முயல்கிறார்கள். கண்ணில் ரெட்டினோபிளாஸ்டோமா வரும் மரபணு மாற்றம் உள்ள குழந்தைகளுக்கு இதே போன்ற கட்டி பினியலிலும் வரக்கூடும். அந்தக் குடும்பங்களுக்கு மரபணு ஆலோசனை அவசியம்.

இதைப் படிப்பவர்களில் பலர் வேறொரு காரணத்துக்காகப் பினியல் என்ற சொல்லைத் தேடியிருப்பீர்கள். சாதாரணத் தலைவலிக்கு எடுத்த எம்.ஆர்.ஐ.யில் "பினியல் சிஸ்ட்" என்று ஒரு வரி. அது நீர் நிறைந்த சிறு பை. நல்ல ஆரோக்கியமுள்ளவர்களிடமும் அடிக்கடி தென்படுகிறது. வாய்க்காலை அடைக்காமல், ஒரு சென்டிமீட்டருக்குள், ஓரம் மெல்லியதாக இருந்தால் பெரும்பாலும் செய்ய வேண்டியது எதுவுமில்லை. அந்தத் தலைவலிக்குக் காரணம் பெரும்பாலும் வேறெங்கோ இருக்கும்.

சிகிச்சை தொடங்கும் முன் சில விஷயங்களைக் கேட்டுவிட வேண்டும், தொடங்கிய பிறகு கேட்டால் பயனில்லை. பருவம் எய்திய பையனுக்குக் கீமோவுக்கு முன் விந்தைச் சேமித்து வைக்க வழி உண்டா? பெற்றோருக்கு இதைப் பேசக் கூச்சம். எங்கள் வீட்டில் அவனுடைய தாய்மாமன்தான் மருத்துவரிடமும் பையனிடமும் பேசினார், பையன் எதிர்பார்த்ததைவிட நிதானமாகக் கேட்டுக்கொண்டான். பிளாட்டினம் வகை மருந்துகள் காதைப் பாதிக்கலாம், முதல் சுற்றுக்கு முன்பே கேட்கும் திறனைப் பதிந்து வைத்தார்களா? ஹார்மோன் அளவுகளின் தொடக்கக் கணக்கு இருக்கிறதா? அறுவை, கதிர்வீச்சு, குழந்தைப் புற்றுநோய் என்ற மூன்று துறையினரும் ஒரே அறையில் உட்கார்ந்து இவன் படத்தைப் பார்த்தார்களா?

எங்கள் பையன் கீமோ முடித்து, அறைகளுக்கு 24 கிரே கதிர்வீச்சும் முடித்தான். முதல் இரண்டு சுற்றிலேயே எம்.ஆர்.ஐ.யில் கட்டி இருந்த இடத்தில் ஒரு கீறல் மட்டும்தான் மிஞ்சியிருந்தது. மண்டையில் முன்பக்கம் ஒரு சிறு தழும்பு, முடி வளர்ந்து மறைத்துவிட்டது. சில மாதங்களுக்கு ஒருமுறை ஸ்கேனும் ரத்தச் சோதனையும் தொடர்கின்றன. மேல்பார்வை முழுதாகத் திரும்பவில்லை, பலருக்குத் திரும்புவதும் இல்லை. கரும்பலகையின் மேல் வரியைப் படிக்க மோவாயைச் சற்று உயர்த்துகிறான். ஆசிரியர் அவனைப் பின் பெஞ்சுக்கு மாற்றியிருக்கிறார். தூரத்திலிருந்து பார்த்தால் கண்ணை அவ்வளவு ஏற்ற வேண்டியதில்லை.